நாள்தோறும் எழுதிய வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை

பொருளீட்டுவது ஒரு திறமை. ஈட்டியதைக் கணக்கறிந்து காப்பது மற்றொரு திறமை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிப்பதே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். எழுதும் வழக்கத்தைக் கால் நூற்றாண்டுக் காலம் கைவிடாத ஒரு தமிழ் வணிகரின் வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்கிறோம்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709 ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை, தம் மைத்துனர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பை ஏற்றுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். நைனியப்பர் அப்போது பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷ். அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிக இடையீட்டாளரும் ஆவார். ஆளுநரின் பகை நேர்ந்ததும் அவர் சிறைப்பட்டார், சொத்துகள் பறிமுதலாயின, 1717 இல் சிறையிலேயே மாண்டார். பதவியின் நிழலில் வளர்ந்த செல்வம் ஒரே உத்தரவில் அழிந்ததை அக்குடும்பம் கண்ணாரக் கண்டது.

1726 இல் தந்தை மறைந்தபோது ஆனந்தரங்கருக்கு வயது 17. ஆளுநர் லெனுவார் அவரது திறமையை உணர்ந்து, பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பை அளித்தார். அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் வணிக நிலையங்களை நிறுவி, ஐரோப்பியச் சரக்குகளை உள்நாட்டுச் சரக்குகளுக்கு மாற்றினார். பிற்காலத்தில் சொந்தக் கப்பலும் அவருக்கு உண்டாயிற்று. ஒரே வருவாயை நம்பியிராமல் பல துறைகளில் சிறுகச் சிறுக வேர்விட்டதே அவரது வளர்ச்சியின் அடிப்படை.

1736 இல் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். எந்தக் கப்பல் எப்போது வந்தது, என்ன சரக்கு இறங்கியது, துணிக்கு என்ன பேரம் நடந்தது, யாருக்கு எத்தனை வராகன் நஜர் வைக்கப்பட்டது, யார் என்ன வாக்களித்தார் என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றன. துய்ப்ளேயின் ஆட்சியில் தலைமைத் துபாஷாக உயர்ந்தார். 1749 இல் முஸாபர் ஜங் அவருக்கு மன்சப்தார் பட்டம் வழங்கினார். நம் திருவண்ணாமலையும் அடங்கியிருந்த ஆற்காட்டு நவாபின் சீமை, அப்போது வாரிசுப் போரில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது.

ஏற்றம் நிலைக்கவில்லை. 1756 இல் பதவி போயிற்று, உடலும் நலிந்தது. ஆயினும் எழுதுவது நிற்கவில்லை. ஆங்கிலேயர் முற்றுகையில் புதுச்சேரி பசியால் வாடிய 1761 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களில் நகரம் வீழ்ந்தது. பின்னர் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினர். எஞ்சிய நாட்குறிப்பை 1904 முதல் 1928 வரை சென்னை அரசு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. பட்டமும் பதவியும் போன பின்னரும், அக்கால வணிகத்திற்கும் அரசியலுக்கும் அவரது ஏடுகளே இன்றளவும் சாட்சி கூறுகின்றன.

நம் ஊரின் கடைத்தெரு வருவாய், பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் வெள்ளமாகப் பெருகி, மற்ற நாட்களில் ஓடையாகச் சுருங்குவது. பெருகிய நாளின் வரவை எழுதாமல் செலவிட்டால், சுருங்கிய நாளில் கடனே கைகொடுக்கும். மகளின் திருமணம், மகனின் மேற்படிப்பு, சொந்த வீடு, ஹஜ் பயணம் ஆகிய இலக்குகளுக்கு எத்தனை ஆண்டுகள் உள்ளன, ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுவோம். மாதந்தோறும் அவ்வேட்டைப் புரட்டி, ஒதுக்கியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்று சரிபார்ப்போம். நமக்கு வரவேண்டியதையும் நாம் தரவேண்டியதையும் குடும்பத்தில் ஒருவரேனும் அறிந்திருக்கச் செய்வோம். ஜகாத்தைச் சரியாகக் கணக்கிடவும், நம் மறைவுக்குப் பின் வாரிசுகள் வழக்கின்றி வாழவும் அந்த ஏடே துணை நிற்கும்.