ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இல்லாத காலேஜ்

காந்திபுரத்துல பஸ் ஏறி அவிநாசி ரோட்டுல வந்தீங்கன்னா, லட்சுமி மில்ஸ், பீளமேடு தாண்டினதும் கண்டக்டர் ஹோப் காலேஜ்னு குரல் கொடுப்பார். இறங்கிப் பாருங்க. பேக்கரி இருக்கும், டைடல் பார்க் போற கூட்டம் இருக்கும். ஹோப் காலேஜ்னு ஒரு காலேஜ் மட்டும் இருக்காது. தலைக்கு மேல 10 கிலோமீட்டர் நீளத்துக்குப் புது மேம்பாலம் போகுது. அதுக்கு ஜி.டி. நாயுடு பேரு.

கீழே இருக்கிற பேருக்கும் மேலே இருக்கிற பேருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அது ரொம்ப முக்கியமான கதை. ஜி.டி. நாயுடுன்னா ரேசர், ரேடியோ, கார்னு மட்டும்தான் நமக்குச் சொல்லித் தந்தாங்க. படிப்பைப் பத்தி அவர் போட்ட சண்டையை யாரும் பெருசாச் சொல்லல.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று சூலூர் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது. ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் தானாகவே படித்தார்.

இளைஞராக இருந்தபோது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதைப் பார்த்ததும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. கோவைக்கு வந்தார். ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சேர்த்துவைத்து, கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கி ஊர் சுற்றினார் என்று நினைக்காதீங்க. அக்கக்காகக் கழற்றினார். திரும்ப மாட்டினார். அவருடைய முதல் லேப் அதுதான். சிலபஸ் கிடையாது, ரெக்கார்டு நோட்டும் கிடையாது.

அதற்குப் பிறகு எல்லாம் நேர்கோட்டில் மேலே போகவில்லை. பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்தார், பம்பாய் வரை போய் அதை விட்டுவிட்டும் வந்தார். கோவையின் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே சர்வீஸ் தொடங்கினார். டிரைவரும் அவரே. அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்க. அந்தக் காலத்தில் ஒரு பஸ் ரிப்பேர் ஆனால் கஸ்டமர் கேருக்கு போன் போட முடியாது. உதிரி பாகம் கப்பலில் வரவேண்டும். வண்டி நின்றால் அன்றைய வருமானம் போச்சு. அப்படி இருக்கும்போது பஸ் நடத்துகிறவர் பட்டறையும் நடத்தித்தான் ஆகணும், பட்டறைக்கு ஆட்களைத் தயார் பண்ணித்தான் ஆகணும். வேலையும் பயிற்சியும் வேறு வேறு இல்லை என்பதை நாயுடு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. தொழில்தான் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவைக்குக் கரண்ட் வந்தது, மில்கள் பெருகின, கிணற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்து வரணும். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து ஜி.டி. நாயுடு இங்கேயே மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பம்ப் செட் என்றால் கோவை என்று நாடே சொல்கிற பேச்சுக்கு ஆரம்பப் புள்ளிகளில் அதுவும் ஒன்று.

பேட்டரியில் ஓடும் ரேசர் செய்தார். 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று அறிவித்தார். 1952இல் இரண்டு பேர் போகிற காரை 2,000 ரூபாய் விலையில் கொண்டுவந்தார். லைசென்ஸ் கிடைக்காததால் அந்தக் கார் தயாரிப்பு நின்றுபோனது.

இப்போ காலேஜ் கதைக்கு வருவோம்.

1944இல் பஸ் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கி, கல்வி, ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலன் என்று அவர் திரும்பினார். அப்போது சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப். நாயுடு அள்ளிக் கொடுத்த நன்கொடையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் வந்தது. 1945இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தது. கொடுத்தவர் நாயுடு, பேரு கவர்னருக்கு. பஸ் ஸ்டாப்புக்கு அந்தப் பேரு அப்படித்தான் வந்துச்சு.

காலேஜ் வந்ததும் சண்டையும் வந்தது. இன்ஜினியரிங்குக்கு நான்கு வருஷம் எதுக்கு என்பது நாயுடுவின் கேள்வி. இரண்டே வருஷத்தில் முடிக்கலாம், குறுகிய காலப் படிப்புகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கலாம், மிச்ச நேரத்தை இளைஞன் வேலையில் போடட்டும் என்பது அவர் வாதம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வளைந்து கொடுக்கவும் இல்லை. தான் பணம் போட்டு உருவாக்கிய காலேஜின் பொறுப்பை விட்டு வெளியே வந்துவிட்டார். பின்னாளில் அந்தக் காலேஜ் தடாகம் ரோட்டுக்கு இடம் மாறியது. அதுதான் இன்றைய ஜி.சி.டி., அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கட் ஆஃப் மார்க்கை எண்ணிக்கிட்டு நாம ஆசைப்பட்ட அதே காலேஜ்தான்.

நாயுடு சொன்னது முழுக்கச் சரியா? எனக்கு அப்படித் தோணல. கணக்கும் இயற்பியலும் ஊறுவதற்கு நாள் பிடிக்கும். பாலம் கட்டுகிறவனுக்கு அவசரம் ஆகாது. இன்னொன்றும் இருக்கு. பள்ளிப் படிப்பை விட்டவர் ஜெயித்ததை வைத்து, படிப்பே வேண்டாம் என்று நம்மில் சிலர் ஸ்டேட்டஸ் போடுறாங்க. நாயுடுவைத் தப்பாகப் புரிந்துகொண்ட பேச்சு அது. படிப்பு வேண்டாம் என்று நினைத்தவர் காலேஜுக்கு ஏன் பணம் கொடுக்கப்போகிறார்? அதோடு, வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கு டிகிரி வெறும் பேப்பர் இல்லை. அது இல்லாமல் இன்டர்வியூ ஹால் கதவே திறக்காது.

ஆனால் அவர் கேள்வியின் மறுபாதி இன்றைக்கும் நம்மைக் குத்துது. நான்கு வருஷம், எட்டு செமஸ்டர். அதில் நம்ம கை மெஷினைத் தொட்டது எத்தனை நாள்? லேப் ரெக்கார்டை சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுறோம். இன்பிளான்ட் டிரெயினிங் சர்டிபிகேட்டுக்குத் தெரிந்தவரைப் பிடிக்கிறோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குறவங்களும் இருக்காங்க. நானும் யோக்கியன் இல்லீங்க, மூன்றாம் செமஸ்டர் ரெக்கார்டில் நான் செய்யாத ரீடிங் நிறைய இருக்கு. நாலு வருஷத்தை இப்படிக் கழித்தால், இரண்டு வருஷம் போதும் என்று சொன்ன மனுஷனுக்கு நம்மிடம் என்ன பதில் இருக்கு?

வழியே இல்லாமலும் இல்லை. காலேஜில் பாதி, தொழிற்சாலையில் பாதி என்று ஐந்து வருஷம் ஓடுகிற சாண்ட்விச் படிப்பை நம்ம பீளமேட்டிலேயே பி.எஸ்.ஜி.யில் நடத்தியிருக்காங்க. டிகிரி முடித்தவர்கள் உதவித்தொகையோடு ஒரு வருஷம் அப்ரண்டிஸாகப் போகலாம், அதற்குச் சட்டமே இருக்கு. 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த நான் முதல்வன் திட்டத்தில் நம் பாடத்தோடே திறன் பயிற்சியும் சேர்ந்து வருது. அதையும் இன்னொரு அரியர் தொல்லையாகப் பார்க்கிறோமா, இல்லை கையில் எடுக்கிறோமா என்பது நம்ம விஷயம்.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு காலமானார். அவர் சேர்த்தவையும் செய்தவையும் அவிநாசி ரோட்டில் அருங்காட்சியகமாக இருக்கு. போய்ப் பாருங்க. ஆனா பார்த்துட்டு செல்ஃபி எடுத்துட்டு மட்டும் வந்துடாதீங்க.

வர்ற செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போவீங்க. தோட்டத்துலயோ பக்கத்து வீட்டுலயோ மோட்டார் புகைஞ்சு போயிருக்கும். காயில் கட்டுற கடைக்கு அதைத் தூக்கிட்டு அப்பா போறப்ப, கூடப் போங்க. கட்டுறவர் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு, அவரை அண்ணான்னு கூப்பிட்டு, எத்தனை சுத்து, ஏன் அத்தனைன்னு கேளுங்க. எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பேப்பர்ல நாம மனப்பாடம் பண்ணின ஃபார்முலா அவர் கையில ஓடிட்டு இருக்கும். அவருக்குத் தெரியாத ஏதாவது ஒண்ணு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், அதையும் அவர்கிட்ட சொல்லுங்க.