தையலறையில் பிறந்த பள்ளி
(புனித மரிய மசரெல்லோ அன்னையின் வாழ்க்கை)

பள்ளி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கட்டடமும் கரும்பலகையும் புத்தகமுமே. இவற்றுள் ஒன்றும் இல்லாமல், ஊசியையும் நூலையும் கொண்டு பெண் குழந்தைகளை இறைவன்பால் வளர்த்த ஆசிரியை ஒருவர் இருந்தார். ஏறக்குறைய 35 வயது வரையில் அவருக்குச் சரிவர எழுதவும் தெரியாது. அவரே சலேசிய சகோதரிகளின் முதல் தலைவியான புனித மரிய தொமினிக்கா மசரெல்லோ.

வட இத்தாலியிலுள்ள மொர்னேசே என்னும் சிற்றூரில், 1837-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், உழவர் குடும்பமொன்றின் மூத்த மகளாக மரியா பிறந்தார். தந்தையுடன் திராட்சைத் தோட்டத்தில் ஆண்களுக்கு நிகராக உழைத்தார். விடியுமுன் எழுந்து, மேடு பள்ளமான பாதையில் நெடுந்தூரம் நடந்து திருப்பலிக்குச் செல்வார். மாலையில் வீட்டுச் சன்னலருகே நின்று, தொலைவில் தெரியும் ஆலயத்தை நோக்கி நற்கருணை நாதரை ஆராதிப்பார்.

1860-ஆம் ஆண்டு அவ்வூரில் டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல் பரவியது. மரியாவின் சித்தப்பா குடும்பம் முழுவதும் படுக்கையில் விழுந்தது. அவர்களுக்குப் பணிவிடை செய்யும்படி பெஸ்தரீனோ சுவாமியார் கேட்டார். நோய் தம்மையும் பற்றும் என்ற அச்சம் மரியாவுக்கு இருந்தது, ஆயினும் சென்றார். உறவினர் பிழைத்தனர். மரியாவோ மரணத்தின் வாயில் வரை சென்று மீண்டார். உயிர் தப்பியது, உடல் வலிமை திரும்பவில்லை. தோட்ட வேலைக்கு இனி உதவாத 23 வயதுப் பெண்ணாக அவர் வீட்டில் அமர்ந்தார்.

இனி நம்மால் என்ன பயன் என்று சோர்ந்துவிடக்கூடிய வேளை அது. மரியாவோ தம் தோழி பெத்ரோனில்லாவை அழைத்து, ஊர்த் தையற்காரரிடம் தொழில் கற்போம், பின்னர் ஏழைச் சிறுமியருக்கு அதைக் கற்பிப்போம் என்றார். தையல் ஒரு வாயில் மட்டுமே. அதன் வழியாகச் சிறுமியர் இறைவனை அறிந்து நேசிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அத்தையலறையில் நீண்ட பிரசங்கங்கள் இல்லை. வேலைக்கிடையே ஒரு சிறு செபம், ஒரு பாடல், சிறிது மௌனம், பிறகு கலகலப்பான பேச்சு. ஒவ்வொரு தையலையும் இறைவன்மீது கொண்ட அன்பின் செயலாக்கலாம் என்று மரியா கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானோபதேசத்துடன் விளையாட்டும் உலாவும் உண்டு. பக்தி வேறு, மகிழ்ச்சி வேறு என்று அச்சிறுமியர் ஒருநாளும் எண்ணியதில்லை.

1864-இல் தொன் போஸ்கோ மொர்னேசேக்கு வந்தார். 1872 ஆகஸ்ட் 5-ஆம் நாள், அவரது வழிகாட்டுதலில், மரியாவும் தோழியரும் புதிய சபையின் முதற் கன்னியராயினர். ஆண் பிள்ளைகளின் பள்ளிக்கென ஊரார் பாடுபட்டுக் கட்டிய கட்டடம் இவர்களுக்குத் தரப்பட்டதால், மனத்தாங்கல் எழுந்தது. வறுமையும் வாட்டியது. தலைவிப் பொறுப்புக்குத் தாம் தகுதியற்றவர் என்று அன்னை கருதினார். உண்மையான தலைவி தேவமாதாவே எனக் கூறி, இரவுதோறும் மடத்தின் சாவிகளை மாதா சுரூபத்தின் பாதத்தில் வைப்பார். இளையவர்களுடன் அமர்ந்து எழுதவும் கற்றுக்கொண்டார். கற்பிப்பவர் கற்க வெட்கப்படலாகாது அன்றோ!

அன்னையின் வழியை அறிய எம்மா என்ற மாணவியின் கதை போதும். தூரின் நகரிலிருந்து வந்த அவளுக்குப் படிப்பிலும் செபத்திலும் நாட்டமில்லை. நகரத்திலிருந்து கொண்டுவந்த ஆடை அலங்காரப் பொருள்கள் நிறைந்த பெட்டியிலேயே அவள் மனம் இருந்தது. அன்னை அப்பெட்டியைப் பறிக்கவில்லை, செபிக்கும்படி வற்புறுத்தவுமில்லை. அன்போடு பேசினார், அவளுக்காகச் செபித்தார், பொறுமையோடு காத்திருந்தார். ஒருநாள் எம்மா தானே அப்பொருள்களைத் தீயிலிட்டாள். பின்னர் அதே சபையில் கன்னியானாள். கட்டாயத்தால் விளைந்திருந்தால் அது ஒரு நாள் பக்தியாக முடிந்திருக்கும். தானாகக் கனிந்ததால் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

1877-இல் அன்னை தம் மக்களை உருகுவே நாட்டிற்கு மறைபரப்பாளராக அனுப்பினார். 1881 மே 14-ஆம் நாள், 44-ஆம் வயதில், நீத்சா நகர மடத்தில் இறைவனடி சேர்ந்தார். 1951-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய கன்னியர் 1922-இல் இந்தியாவுக்கு வந்து, நம் தஞ்சை மண்ணில் பணியைத் தொடங்கினர்.

அன்புத் தங்கையரே! கோவிலில் முழந்தாளிடுவது மட்டுமன்று. கணக்கைக் கருத்தோடு போடுவதும், தோழியின் துயரில் பங்குகொள்வதும் செபமாகலாம் என்பதை இப்புனிதையிடம் கற்போம். நம்மை வளர்க்கும் பெற்றோரும் ஆசிரியரும், விதைத்த மறுநாளே அறுவடையைத் தேடாது, அன்போடு காத்திருக்கும் வரத்தை அவர் வழியாக மன்றாடுவார்களாக.