தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

தமிழ்க் கிறித்தவ ஆலயங்களில் இன்று கீர்த்தனை ஒலிக்காத ஆராதனையைக் காண்பது அரிது. பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் அமைப்பும், இராகமும் தாளமும் அவ்வாலயங்களிலே ஆதிமுதல் நிலவியனபோல் நமக்குத் தோன்றுகின்றன. உண்மை அதுவன்று. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும், அவர் வழிவந்த ஜெர்மானியக் குருமாரும் தம் நாட்டுப் பாடல்களைத் தமிழாக்கி, தம் நாட்டு மெட்டுக்களிலேயே பாடுவித்தனர். அவை ஞானப்பாட்டு எனப்பட்டன. சொல் தமிழாயிருந்தது, ஓசையோ ஜெர்மனியினுடையது. அந்நிய மெட்டுக்கு இடங்கொடுக்க வேண்டித் தமிழ்ச் சொற்கள் நீண்டும் குறுகியும் நலிந்தன. இந்நிலையை மாற்றித் தமிழிசையை ஆலயத்துக்குள் அழைத்து வந்தவர்களுள் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அழைத்து வந்தது மட்டுமன்று. அதை வெளியேற்ற முயன்றோரை எதிர்த்து வழக்காடியவரும் அவரே.

பெயரொற்றுமையால் இவரைப் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையென மயங்குவோர் இன்றும் உளர். பிள்ளையவர்கள் 1826ஆம் ஆண்டிற் பிறந்தவர், கத்தோலிக்கர், நீதிபதி. அவர் பிறந்த காலத்தில் நம் கவிராயருக்கு ஐம்பத்திரண்டு வயது.

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில், வேளாளர் குலத்தில் உதித்தார். தந்தையார் தேவசகாயம் சைவத்திலிருந்து கிறித்தவம் தழுவியவர். தாயாரை இளமையிலேயே இழந்த சிறுவனின் மதிநுட்பத்தை, 1785ஆம் ஆண்டளவில் அப்பக்கம் வந்த சுவார்ட்ஸ் ஐயர் கண்டார். தஞ்சைக்கு அழைத்துச் சென்று கற்பிக்கத் தந்தையாரிடம் கேட்டார், தந்தையாரும் இசைந்தார். அன்றுமுதல் தஞ்சையே அவருக்கு ஊராயிற்று.

சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்த இன்னொரு பிள்ளையும் அங்கே இருந்தான். 1787ஆம் ஆண்டில் துளஜா மன்னர் சுவீகாரம் செய்த சரபோஜி அவன். வேதநாயகருக்கு மூன்று வயது இளையவன். மன்னர் மறைந்தபின் அமரசிங்கன் ஆட்சியைக் கைக்கொள்ள, அரசிளங்குமரனுக்கு அந்த ஜெர்மானியக் குருவே காவலரும் ஆசிரியருமானார். 1798 பெப்ரவரியில் குரு மறைந்தார். அவ்வாண்டிலேயே மாணவன் சிங்காதனம் ஏறினான். சரபோஜி மன்னர் தம் ஆசானின் மரணப்படுக்கையைச் சித்திரிக்கும் சலவைக்கற் சிற்பமொன்றை இங்கிலாந்தின் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்துத் தஞ்சை ஆலயத்தில் நிறுவியமை பலரும் அறிந்ததே. ஒருவர் அரண்மனையிலும் ஒருவர் மிஷன் பாடசாலையிலுமாக வாழ்ந்தபோதிலும், ஒரே குருவின் மாணவர் என்னும் பாசம் இருவரிடையே அற்றுப்போகவில்லை. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

வேதநாயகர் தரங்கம்பாடியிலே வேதசாத்திரத்துடன் வானசாத்திரம், கணிதம், உடற்கூற்றியல் என்பனவும் பயின்றார். பத்தொன்பதாம் வயதிலேயே தஞ்சை மிஷன் பாடசாலையின் தலைமை அவரிடம் வந்தது. அக்காலத் தஞ்சையோ இசைக்கடலாய் விளங்கியது. அயலில் திருவையாற்றில் தியாகராஜர். தஞ்சையிலே சியாமா சாஸ்திரிகள். திருவாரூர் தந்த முத்துசுவாமி தீக்ஷிதர். மூவரும் நம் கவிராயருக்குச் சமகாலத்தவர். இத்தகைய சூழலிலே செவியைத் திறந்து வைத்திருந்த ஒருவருக்கு ஜெர்மானிய மெட்டு மட்டும் போதுமானதாய் இருந்திருக்க முடியுமா?

1800ஆம் ஆண்டில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியே அவர் புகழை நிலைநாட்டிய நூல். குறவஞ்சியின் இலக்கணத்தைக் கவிராயர் குலைக்கவில்லை. தலைவன் பவனி வருகின்றான். தலைவி கண்டு காதலுறுகின்றாள். குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கின்றாள். தலைவன் கிறிஸ்து, தலைவியான தேவமோகினி சீயோன் குமாரத்தி, அதாவது திருச்சபை. இவ்வுருவகத்தின் நடுவே கோள்கள் சூரியனைச் சுற்றும் கொப்பர்னிக்கஸ் கொள்கையையும், உலகத் தேசங்களின் பெயர்களையும் புகுத்தியிருப்பது அவருடைய துணிவு. மரபிலே மலைவளமும் நாட்டுவளமும் கூறவேண்டிய குறத்தியின் கூடையில் பூகோளமும் வானசாத்திரமும் ஏறிவிட்டன! சில இடங்களில் கவிதையைப் பாடசாலை ஆசிரியர் வென்றுவிடுகின்றார் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் ஏட்டில் உறங்கும் நூலாக அன்றி, பாடியும் விரித்துரைத்தும் மக்கள் கேட்கும் நூலாகவே அஃது வாழ்ந்தது.

பெரிய கோயில் இறைவன்மீது குறவஞ்சி பாடித்தருமாறு சரபோஜி மன்னர் கேட்டாரென்றும், தாம் பாடும் தலைவன் ஒருவனே எனக் கவிராயர் மறுத்துவிட்டாரென்றும், மன்னர் சினவாது விட்டாரென்றும் ஒரு வரலாறு வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. மன்னர்மீது சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடிய பெருமை கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகரைச் சார்ந்தது.

இனி, அவர் வாழ்வின் சிக்கலான பகுதிக்கு வருவோம். சுவார்ட்ஸ் ஐயர் காலத்துப் பழைய குருமார் தமிழர் வழக்கங்கள் பலவற்றைக் கண்டும் காணாதவர்போல விட்டிருந்தனர். 1820களில் வந்த இளங்குருமார் அவ்வாறு விடச் சித்தமாயில்லை. வேளாளரும் ஒடுக்கப்பட்ட குலத்தாரும் ஆலயத்திலே ஒன்றாக அமரவேண்டும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பருகவேண்டும் என அவர்கள் கட்டளையிட்டனர். விழாக்களிலே பூமாலை கூடாது என்றனர். ஆராதனையிலே தமிழ்க் கீர்த்தனையும் கூடாது என்றனர். இவற்றுடன், பழகிய பழைய வேதமொழிபெயர்ப்பை அகற்றி இரேனியஸ் ஐயரின் புதிய திருத்தத்தைப் புகுத்தவும் முயற்சி நடந்தது. இந்நான்கையும் நான்கு கொடுமைகளாகக் கணக்கிட்டுச் சாஸ்திரியார் எழுத்திலே முறையிட்டார்.

அம்முறையீட்டை இன்று நோக்குவோர் மனம் இருபாற்பட்டு நிற்கும். மக்கள் தம் இசையாலே தம் இறைவனைப் பாடக்கூடாது என்னும் கட்டளையை எதிர்த்து நின்ற வகையில் அவர் நியாயத்தின் பக்கம் நின்றார். அன்று அவர் வாயை மூடியிருந்தால், தமிழ்க் கீர்த்தனை ஆலய வாசலுக்கு வெளியே நின்றிருக்கலாம். ஆனால், அதே கையால், அதே முறையீட்டிலே, ஒருசாரார் மற்றொரு சாராருடன் சேர்ந்தமர்வதையும் கொடுமை என்று எழுதினார். சாதி உலகியல் வழக்கமேயன்றிச் சமயத்தைச் சார்ந்ததன்று என்பது அவர் வாதம். பாத்திரம் மறுக்கப்பட்டவனுக்கு அவ்வாதம் என்ன ஆறுதல் தரும்? தம் நூலிலே நற்செய்தியைக் குறிசொல்லும் பேற்றை அலைந்து திரியும் குறத்திக்கு அளித்த புலவர், ஆலயத்திலே அவ்வாறு நினைக்க முடியாதவரானார். யாழ்ப்பாணத்துச் சபைகளின் வரலாறு அறிந்தவர்க்கு இம்முரண்பாடு புதிதாகத் தோன்றாது. இசைக்காக அவரைப் புகழ்வோர் இப்பகுதியை மறைத்து எழுதுதல் முறையன்று.

அக்குருமாரிடமும் ஒரு குறை உண்டு. சாதியையும் பூமாலையையும் இராகத்தையும் ஒரே கட்டாகக் கட்டி எறிய முற்பட்டவர்கள் அவர்களே. அநீதி எது, அழகு எது எனப் பிரித்துக் காணும் பொறுமை இருதிறத்தார்க்கும் இல்லாமற் போயிற்று.

1829ஆம் ஆண்டிலே ஹவுபுரோ ஐயர் அவரை மிஷன் பணியிலிருந்து நீக்கினார். சுவார்ட்ஸ் ஐயரின் கைபிடித்து வந்து, இளமைமுதல் அச்சபைக்கே உழைத்த மனிதர் ஐம்பத்தைந்தாம் வயதிலே வேலையற்று நின்றார். அப்போதுதான் பழைய பாசம் உதவிற்று. சைவ வைணவக் கோயில்களைப் புரந்த சரபோஜி மன்னர் கிறித்தவக் கவிராயரைத் தம் அரண்மனைப் புலவராக அமர்த்தி ஆதரித்தார். அந்நிழலும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1832ஆம் ஆண்டு மன்னர் காலமானார். அடுத்த ஆண்டிலே கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சபையிலே சாதிவேற்றுமை முற்றாக ஒழியவேண்டுமெனச் சுற்றுநிருபம் விடுத்தார். சாஸ்திரியார் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

பாடுவதையும் அவர் நிறுத்தவில்லை. ஊரூராகச் சென்று கதாகாலட்சேபம் நிகழ்த்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன. அவருடைய வழித்தோன்றல்கள் ஏடுகளைப் பேணியதுடன் காலட்சேபத்தையும் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்தனர்.

முதுமையிலே அவருக்கு ஒரு வெற்றி கிட்டியது. அதுவும் வெள்ளைக்கார மிஷனரி ஒருவர் வாயிலாக. 1834ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து கிளைத்தது மதுரை மிஷன். அதைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர், தமிழ்மக்கள் உள்ளம் தமிழிசைக்கே நெகிழ்வதைக் கண்டு, சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தேடித் திரட்டிப் பிறர் பாடல்களுடன் சேர்த்து 1853ஆம் ஆண்டில் ஆராதனைக்கென அச்சிட்டு வெளியிட்டார். தஞ்சையிலே ஆகாதென விலக்கப்பட்ட பாடல் அச்சுப்புத்தகமாகிப் பல சபைகளுக்கும் சென்றது. அதன்பின் பதினோராண்டு கழித்து, 1864ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் வயதிலே சாஸ்திரியார் தஞ்சையில் உயிர் நீத்தார்.