திருஏடு எழுதிய சீடர்

அய்யா வைகுண்டரின் ஐந்து சீடர்களில் ஒருவர் அரிகோபாலன் சீடர். பஞ்சபாண்டவரில் இளையவரான சகாதேவனே இவராகப் பிறந்தார் என்று அன்புக்கொடி மக்கள் போற்றுகிறார்கள். சுவாமிதோப்புப் பதிக்கு அருகிலுள்ள தாமரைகுளம் இவருடைய ஊர்.

அது சான்றோர் மக்கள் திருவிதாங்கூர் அரசின் வரியாலும் கூலியில்லா ஊழியத்தாலும் நொந்து கிடந்த காலம். தலையில் பாகை கட்டவும் பெண்கள் மேல்சீலை அணியவும் தடை இருந்தது. அந்த மக்களைத் தாழக்கிடப்பாரைத் தற்காக்கும் தர்மத்துக்கு அழைத்த அய்யாவைச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள். அய்யா சிறை மீண்டு வந்த பிறகு, 1841-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 27-ஆம் நாள், உறங்கிக் கிடந்த சீடரை இறைவன் எழுப்பி, அகிலத்திரட்டு அம்மானையை எழுதும்படி பணித்தார்.

ஓலையில் எழுதுவது எளிய வேலை அல்ல. இடக்கையில் ஏட்டைத் தாங்கி, வலக்கையில் எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகக் கீற வேண்டும். ஆணி அழுந்தினால் ஓலை கிழியும். கீறிய எழுத்தை அழிக்கவும் முடியாது. இப்படிப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளைச் சீடர் எழுதி முடித்தார். ஆனால் ஓரிடத்திலும் அதைத் தம் பாட்டு என்று சொல்லிக்கொள்ளவில்லை. இறைவன் சொல்லத் தாம் எழுதியதாகவே ஏட்டிலும் அறிவித்தார். பணிவிடை என்பதற்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டாம்.

1851-இல் அய்யா வைகுண்டம் ஏகினார். அதன்பின் மக்களைக் கூட்டி வைத்தது திருஏடு. 1939-இல் அச்சேறும் வரை ஏடு ஓலையிலேயே இருந்தது. கையால் படியெடுத்தவர்களும், எழுத்தறியாத மக்கள் கேட்க உரத்து வாசித்தவர்களும் அதை நம்மிடம் சேர்த்தார்கள். இவர்கள் எல்லாரும் சகாதேவன் சீடரின் வழிவந்த பணிவிடையாளர்களே.

இன்றும் சுவாமிதோப்பில் கார்த்திகை மாதம் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. தாங்கல்களிலும் அவரவர் வசதிப்படி நடத்துகிறார்கள். நெற்றியில் நாமமிட்டு, தலைப்பாகை கட்டி அமர்ந்து, தொண்டை வறள வாசிக்கிறார் ஒருவர். அவர் வாயில் வருவதும் அவர் சொந்தச் சொல் அல்ல. திருக்கல்யாண வாசிப்பன்றும் பட்டாபிஷேக வாசிப்பன்றும் பந்தலில் இடம் இருப்பதில்லை. மற்ற நாட்களிலோ பல ஊர்களில் சிலரே கேட்க அமர்ந்திருக்கிறார்கள். அய்யா சிறைபட்ட துயரத்தை வாசிக்கும்போது பந்தல் காலியாகக் கிடந்தால், அந்தப் பணிவிடைக்கு நாம் கொடுக்கும் மதிப்பு என்ன?

காணிக்கை வேண்டாம் என்றவர் அய்யா. அவர் ஏட்டை வாசிப்பவருக்கும் பொன்னாடை பெரிதல்ல. முதல் நாள் தொடங்கி வந்து அமர்ந்து, பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக் கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. பேர் வேண்டாமல் எழுதிய சகாதேவன் சீடருக்கும் அதுவே நன்றி.

அய்யா உண்டு.