இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்

நாகலூர்ப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கிவந்து படிக்கும் மாணவன் நான். இவ்வாண்டு மலருக்கு இயந்திர மனிதனைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று பேராசிரியர் பணித்தபோது எனக்குள் எழுந்தது ஆர்வமன்று; கோபம்! அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடியை நட்ட நாள்தொட்டு, எங்கள் மக்களின் பிழைப்பு காபியோடு பிணைந்துவிட்டது. என் அம்மா பல ஆண்டுகள் மலையடிவாரத்துக் கிடங்கு ஒன்றில் காபிக்கொட்டை பொறுக்கி வந்தார். கருத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது என்று கண் பார்த்ததைக் கை தள்ளும். அம்மாவின் விரல்கள் போகும் வேகத்தை என் கண்களால் தொடர முடியாது. ஒருநாள் அங்கே நிறம் பிரிக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. சரிவான தடத்தில் கொட்டைகள் வரிசையாக வழுக்கி வர, காமிராக் கண் ஒவ்வொன்றையும் பார்க்கிறது. நிறம் மாறிய கொட்டை வந்த கணத்தில் நுண்ணிய குழாயிலிருந்து காற்று பீறிட்டு, அதை மட்டும் வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. மூட்டை தூக்கிக் கொட்டச் சிலர் மட்டும் போதும் என்றாயிற்று. அம்மா வீட்டிற்கு வந்துவிட்டார்.

கையும் காலும் இல்லாத இதனை இயந்திர மனிதன் என்று சொல்லலாமா எனத் தோழர்கள் கேட்கலாம். சூழலை உணர்தல், உணர்ந்ததைக் கொண்டு முடிவெடுத்தல், முடிவெடுத்தபடி செயலாற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதற்கு மனித முகம் தேவையில்லை. 'ரோபோ' என்னும் பெயர் அறிவியல் கூடத்தில் பிறந்ததன்று. நாடக மேடையில் பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்திலிருந்து அது உலகெங்கும் பரவியது. அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய ஊழியம் என்று பொருள். நம்மூரில் வெட்டி வேலை என்பார்களே, அதுதான்! 1961இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் யூனிமேட் என்ற இயந்திரக் கை, அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைக்கும் வேலைக்கு அமர்த்தப்பட்டது. மனிதக் கை வெந்துபோகும் இடம் அது. இன்று சென்னையை அடுத்த கார்த் தொழிற்சாலைகளில் இத்தகைய கைகள் பற்றவைப்பு வேலை செய்கின்றன. கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய பாண்டிகூட் என்னும் இயந்திரம் கும்பகோணத்திலும் கோவையிலும் பாதாளச் சாக்கடையில் இறங்கியிருக்கிறது. எத்தனை உயிர்களைக் குடித்த குழி அது! அங்கே மனிதனுக்குப் பதில் இயந்திரம் இறங்குவதை யார் வேண்டாம் என்பார்? 2023 ஆகஸ்டில் நிலவில் உருண்ட பிரக்யான் ஊர்தியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நிலவின் மண்ணைப் போன்ற மண் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்து சோதனைக்குச் சென்றது என்பதும், அதில் நம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரின் பங்கு உண்டு என்பதும் நமக்குப் பெருமை.

இவ்வளவும் படித்த பின்னும் என் கோபம் தணியவில்லை. அம்மாவின் கிடங்கில் யாரும் வேகவில்லை, யாரும் மூச்சுத்திணறிச் சாகவில்லையே! அப்போது என் கைக்குக் கிடைத்ததுதான் கோவை ஜி.டி. நாயுடுவின் வரலாறு. நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் கோவையிலும் செய்யப்படுகின்றன என்று கேள்விப்பட்டு, அந்த ஊருக்கு இந்தப் பித்து எங்கிருந்து வந்தது எனத் தேடப்போய் அவரிடம் சேர்ந்தேன்.

கோவை மாவட்டம் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23ஆம் நாள் உழவர் குடியில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசினார் என்கிறார்கள். தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊர்ப்பக்கம் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் இன்றிக் குதிரையும் இன்றி ஓடும் அந்த வண்டி அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்து அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஏறி ஊரைச் சுற்றியிருக்க வேண்டும். அவரோ அதை ஆணி ஆணியாகப் பிரித்துப் போட்டார்! பிறகு மீண்டும் பூட்டினார். அவர் படித்த பொறியியல் கல்லூரி அதுதான்.

முதல் உலகப் போர்க்காலத்தில் பருத்தித் தொழிலில் பொருள் ஈட்டினார். பம்பாய் சென்று அதை இழந்தார். கோவை திரும்பியவர் ஸ்டேன்ஸ் துரையின் துணையோடு பேருந்து ஒன்றைப் பெற்று, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார். அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் 1933இல் 280 பேருந்துகளோடு ஓடியது. நாள்தோறும் பேருந்தில் தொங்கிவரும் எனக்கு இந்த ஒரு செய்தியே போதும், அவரை வணங்க!

பிறகு கண்டுபிடிப்புகள். பாட்டரியில் ஓடும் சிறு மோட்டார் பொருத்திய ரசாந்த் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடிக்கு இடம் தராத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அந்த வரிசை நீளும். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். 1952இல் இருவர் அமரும் காரை 2,000 ரூபாய் விலையில் திட்டமிட்டார். உற்பத்தி உரிமம்தான் கிடைக்கவில்லை. காமிராவும் அவர் கையை விட்டு அகலாது. 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம் பிடித்தார்.

இவற்றில் எதுவும் ரோபோ அன்று. அவர் காலத்தில் இயந்திரத்திற்குக் கண் கிடையாது. ஆயினும் மனிதன் கையால் செய்யும் ஒரு வேலையை எடுத்து, இதை இயந்திரம் செய்யாதா என்று கேட்கும் அந்த மனம் இருக்கிறதே, அதிலிருந்துதான் மற்றவை பிறந்தன. உறவுமுறை சொல்வதானால், நிறம் பிரிக்கும் இயந்திரத்திற்கு அவர் பெரியப்பா ஆவார்.

என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. 1945இல் கோவையில் அப்போதைய ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழ நாயுடு வாரி வழங்கினார். பொறியியல் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். அவினாசி சாலையில் இன்றும் ஹோப் காலேஜ் என்று ஒரு நிறுத்தம் இருப்பது அந்த வரலாற்றின் மிச்சம். பொறியியலுக்கு 4 ஆண்டுகள் வீண், 2 ஆண்டுகள் போதும் என்றார் அவர். அரசு இசையவில்லை, பதவியை விட்டு விலகினார். நம் விரிவுரையாளர்கள் இதைப் படித்து முகம் சுளிக்க வேண்டாம். நானும் முழுவதும் உடன்படவில்லை. கணக்கும் இயற்பியலும் ஊறுவதற்குக் காலம் வேண்டும். ஆனால் அவர் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு: பணம் இல்லாதவனுக்கும் பள்ளி இறுதி தாண்டாதவனுக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்து காட்ட வேண்டும் என்பது. பின்னாளிலும் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தியே வந்தார். 1974 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

அம்மாவின் கிடங்கிற்கு இயந்திரம் வந்ததில் எனக்கு இருந்த கோபம் இப்போது இடம் மாறிவிட்டது. கொட்டை பொறுக்கிய பெண்களில் ஒருவரையாவது அழைத்து, மூடியைத் திறந்து, இது காமிரா, இது காற்றுக்குழாய் என்று காட்டியிருக்கலாமே! எந்தக் கொட்டை கெட்டது என்று இயந்திரத்திற்குச் சொல்லித்தர அவர்களைவிடத் தகுந்தவர் யார்? கேட்பாரில்லை.

அம்மா இப்போது மறுபடியும் பழம் பறிக்கப் போகிறார். பிரேசிலின் சமவெளித் தோட்டங்களில் பழம் பறிக்கவும் இயந்திரம் உண்டு. எங்கள் மலைச் சரிவிலும் சில்வர் ஓக் நிழலிலும், ஒரே கொத்தில் பாதி பழுத்தும் பாதி காயாகவும் நிற்கும் செடியிலும் அது நுழையப் பல காலம் ஆகும்.

பொங்கல் விடுமுறையில் அந்தக் கிடங்கு வழியாக அம்மாவோடு நடந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவர் பழந்துணியால் காமிராவின் முன்னிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காபித் தூசி படிந்தால் அதற்குக் கண் தெரியாதாம். அம்மா நின்று பார்த்தார். இது எந்த ஊரில் செய்கிறார்கள் என்று கேட்டார். கோவையிலும் செய்கிறார்கள் என்றேன். பிரித்துப் பூட்ட எனக்குத் தெரியுமா என்று அடுத்துக் கேட்டார். இன்னும் தெரியாது என்று சொன்னேன்.