பாகம் பிரிந்த பின்னும் தாய்: அருளாளர் அன்னை எலீஸ்வா



சிங்காநல்லூர்ப் பகுதியில் வீடு சந்திக்கச் செல்லும்போது வயதான தாய்மார் பலரைப் பார்க்கிறோம். மில் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்து உலை வைத்தவர்கள், இளவயதில் கணவரை இழந்தவர்கள், தறியிலும் காட்டு வேலையிலும் உழைத்துப் பிள்ளைகளைக் கரைசேர்த்தவர்கள். சொத்து பாகம் பிரிந்த பிறகு அவர்களில் சிலருக்கு மாதம் ஒரு மகன் வீடு என்று முறை வைத்துவிடுகிறார்கள். தான் கட்டிய வீட்டிலிருந்து, ஒரு துணிப்பையில் நாலு சேலையும் ஜெபமாலையும் எடுத்துக்கொண்டு அந்தத் தாய் அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். அந்த நடையை நினைக்கும்போதெல்லாம், 2025-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வல்லார்பாடம் பசிலிக்காவில் அருளாளராக உயர்த்தப்பட்ட அன்னை எலீஸ்வா நம் நினைவுக்கு வருகிறார். வாளையாறு தாண்டி ரயிலில் சென்றால் அரை நாளுக்குள் அவர் வாழ்ந்த பகுதியை அடைந்துவிடலாம். அவ்வளவு அருகில் வாழ்ந்த இத்தாயை நம்மில் பலர் இன்னும் அறியவில்லை.

எலீஸ்வா 1831-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், கொச்சிக்கு எதிரே உள்ள வைப்பின் தீவில், ஓச்சந்துருத்து என்னும் ஊரில் பிறந்தார். அந்நாள் கார்மேல் சபைப் புனிதையான அவிலா தெரேசாவின் திருநாள். தொம்மன், தாண்டா தம்பதியரின் எட்டுப் பிள்ளைகளில் இவரே மூத்தவர். மூத்த பெண் என்றால் என்ன பொருள் என்பது நம் வீடுகளிலும் தெரிந்ததே. தம்பி தங்கையரை இடுப்பில் சுமப்பவள் அவள். தாய்க்கு அடுத்த தாய் அவள்.

பதினாறாம் வயதில் கூனம்மாவைச் சேர்ந்த வாக்கயில் குடும்பத்து வறீதுக்கு அவரை மணமுடித்துக் கொடுத்தார்கள். அன்னா என்ற பெண் குழந்தை பிறந்தது. 1851-இல் கணவர் இறந்துபோனார். அப்போது எலீஸ்வாவுக்கு வயது இருபதுதான். உறவினர் மறுமணத்துக்கு வற்புறுத்தினார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கைக்குழந்தையோடு நின்ற இளம்பெண்ணின் பாதுகாப்பை நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் எலீஸ்வாவின் மனம் வேறு முடிவு எடுத்திருந்தது. மகளை வளர்ப்பதும் இறைவனோடு தனித்திருப்பதுமே தன் வாழ்வு என்று அவர் உறுதிகொண்டார்.

அன்பர்களே, அடுத்து வந்த பதினைந்து ஆண்டுகளை நாம் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. அவை வெளியுலகம் அறியாத ஆண்டுகள். நற்கருணை முன் செபம், தனிமை, ஏழைகளுக்கு உதவி, மகளின் வளர்ப்பு என்று ஒவ்வொரு நாளும் கழிந்தது. தங்கை திரேசியாவும் அவரோடு சேர்ந்துகொண்டார். அக்காள், தங்கை, மகள் என்று ஒரே குடும்பத்தின் மூன்று பெண்கள் சேர்ந்து செபித்த அந்த வீடு, மடம் என்ற பெயர் வருவதற்கு முன்பே மடமாகிவிட்டது. அன்றைய கேரளத்தில் பெண்களுக்கென்று ஒரு துறவற இல்லம் கிடையாது. துறவு என்றால் என்னவென்று கண்ணால் பார்க்க வழியில்லாத இடத்தில், இல்லறத்தில் இருந்த ஒரு கைம்பெண் அதை வாழத் தொடங்கினார்.

இந்தத் தாகத்தைப் புரிந்துகொண்டவர் இத்தாலியிலிருந்து வந்திருந்த கார்மேல் சபைக் குரு லெயோபோல்டு பெக்காரோ. வராப்புழையின் திருத்தூதரக ஆட்சியாளராக இருந்த ஆயர் பெர்னார்தீன் பச்சினெல்லி இசைவளித்தார். 1866-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், கூனம்மாவில் மூங்கில் தட்டிகளால் கட்டிய சிறு மடத்தில் எலீஸ்வாவும் மகள் அன்னாவும் தங்கை திரேசியாவும் துறவு வாழ்வைத் தொடங்கினார்கள். காலணியற்ற கார்மேல் மூன்றாம் சபை அவ்வாறு பிறந்தது. கேரள மண்ணில் பெண்களுக்காக எழுந்த முதல் துறவற சபை இதுவே. இரண்டு ஆண்டுகளில், 1868-இல், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். படிப்போடு தையலும் கைத்தொழிலும் கற்பித்தார்கள். ஆதரவற்ற சிறுமியருக்கும் இடம் கொடுத்தார்கள். ஒரு மகளை வளர்த்த தாய், இப்போது ஊரார் மகள்களையும் வளர்க்கத் தொடங்கினார்.

அந்த மடத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த பெண்களும் சிரிய வழிபாட்டு முறையைச் சேர்ந்த பெண்களும் ஒரே குடும்பமாக வாழ்ந்தார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் அப்படியே சென்றன.

பிறகு பிரிவினை வந்தது. 1886-இல் இந்தியத் திருச்சபையின் ஆட்சியமைப்பு புதிதாக ஒழுங்கு செய்யப்பட்டது. நமது கோவை மறைமாவட்டமும் வராப்புழை உயர்மறைமாவட்டமும் அந்த ஆண்டிலேயே நிறுவப்பட்டன. அடுத்த ஆண்டு சிரிய வழிபாட்டு முறையினருக்குத் தனி ஆட்சிப் பகுதிகள் அமைந்தன. அதன் தொடர்ச்சியாக 1890-இல் கூனம்மாவு மடம் அவர்கள் பொறுப்புக்குச் சென்றது. இலத்தீன் முறையைச் சேர்ந்த எலீஸ்வா வெளியேற வேண்டியதாயிற்று. அறுபதை நெருங்கிய வயது. மூங்கில் தட்டியிலிருந்து தொடங்கித் தானே உருவாக்கிய வீடு. அதை விட்டு அவர் இறங்கினார்.

பாகப்பிரிவினையை அறிந்த நம் மக்களுக்கு இந்த வலியை விளக்கத் தேவையில்லை. உடன்படாத பிள்ளைகள் சண்டையிட்டுப் பிரிந்ததல்ல இது. திருச்சபையின் நிர்வாகத் தேவை ஒன்று, ஒரு குடும்பத்தின் நடுவே கோடு கிழித்தது. யாரையும் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. ஆனால் நல்ல காரணங்களுக்காக நடக்கும் பிரிவினைகளிலும் ஒரு தாய் தன் வீட்டை இழக்கிறாள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எலீஸ்வா என்ன செய்தார்? அதே ஆண்டு நவம்பரில் வராப்புழையில் புதிய மடத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். முதல் வீட்டில் இருபத்து நான்கு ஆண்டுகள் உழைத்தவர், இரண்டாம் வீட்டில் இருபத்து மூன்று ஆண்டுகள் உழைத்தார். 1913-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், எண்பத்தொன்றாம் வயதில், வராப்புழையிலேயே இறைவனடி சேர்ந்தார். அவர் விட்டுச் சென்ற கூனம்மாவு மடம் கார்மேல் அன்னை சபையாகவும், வராப்புழையில் அவர் மீண்டும் தொடங்கியது தெரேசியன் கார்மேல் சபையாகவும் இன்று வளர்ந்து நிற்கின்றன. பாகம் பிரிந்தது, இரண்டு பாகமும் தழைத்தது.

இந்தத் தாயின் வாழ்வு நமக்கு இரண்டு காரியங்களைச் சொல்கிறது.

முதலாவது, வயதான தாய்மாருக்கு. வீடு கைமாறினாலும் அழைத்தல் கைமாறுவதில்லை. எருசலேம் ஆலயத்தில் குழந்தை இயேசுவைக் கண்டுகொண்ட அன்னாவும் வயது முதிர்ந்த கைம்பெண்தான். உங்கள் செபத்தில்தான் பேரப்பிள்ளைகளின் விசுவாசம் வேர்விடுகிறது. எந்த மகன் வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டின் செபக்குரல் நீங்கள்தான்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு. எலீஸ்வாவின் பொறுமையைக் காட்டி நம் தாய்மாரை வாய்மூடி இருக்கச் சொன்னால், நாம் அவரைத் தவறாகப் படிக்கிறோம். கூனம்மாவை விட்டு அவர் தனியாக இறங்கவில்லை. மகள் அன்னாவும் தங்கை திரேசியாவும் கூடவே வந்தார்கள். அதனால்தான் அடுத்த வீடு அவருக்கு வீடாயிற்று. நம் ஆத்தாவும் அம்மிச்சியும் துணிப்பையோடு வாசற்படி இறங்கும்போது, அந்தப் பையை வாங்கிக்கொண்டு கூட நடப்பவர் யார்?

சிங்காநல்லூரிலிருந்து திருச்சி சாலையில் சிறிது தூரம் சென்றால் இராமநாதபுரம். 2010-இல் உருவான சீரோ மலபார் மறைமாவட்டத்தின் பேராலயம் அங்கே இருக்கிறது. இலத்தீன் முறையில் திருப்பலி காணும் நாமும் அவர்களும் ஒரே சாலையில் வாழ்கிறோம். இரு குடும்பங்களுக்கும் பொதுவான பாட்டி ஒருவர் நமக்கு உண்டு. அடுத்த முறை அந்தப் பேராலயத்தைக் கடக்கும்போது அவரை நினைத்துக்கொள்வோம். இந்த வாரம் நம் வீட்டில் இருக்கும் மூத்த தாயின் அருகில் அமர்ந்து, அவரோடு ஒரு ஜெபமாலை சொல்வோம்.

அருளாளர் எலீஸ்வா அன்னையே, வீடு மாறி வாழும் எம் தாய்மாருக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.