சிலோன் என்ற பெயரை உலகெங்கும் விற்றவர்

பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளைக்குப் போய், அங்கிருந்து தம்பேதென்ன தோட்டத்துக்கு மேலே ஏறினால் லிப்டன் சீட் வரும். தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தனது தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மேடு அது. இப்போது அங்கே அவருக்கு ஒரு சிலையும் இருக்கிறது. ஊவாவின் தேயிலை மலைகளில் இன்றும் எல்லோரும் அறிந்த வெள்ளைக்காரத் துரை அவர்தான்.

லிப்டன் 1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள், சிறிய மளிகைக்கடை நடத்தியவர்கள். லிப்டன் பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வேர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல் வயலிலும் கூலிவேலை செய்தார். நியூயோர்க் மளிகைக்கடை ஒன்றில் வியாபாரம் பழகினார். ஊர் திரும்பி, 1871இல் கிளாஸ்கோவில் தனது முதல் கடையைத் திறந்தார். பன்றிகளைத் தெருவில் ஊர்வலம் விட்டார். பெரிய பாலாடைக்கட்டிக்குள் தங்கக் காசுகளைப் புதைத்து விற்றார். இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானியா முழுவதும் நூற்றுக்கணக்கான கடைகள் அவருடையவை ஆயின.

அதே காலத்தில் இலங்கையில் கோப்பி அழிந்துகொண்டிருந்தது. 1869 அளவில் பரவிய இலைநோய் தோட்ட முதலாளிகளைக் கடனாளிகளாக்கியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை மெல்ல மெல்லக் கோப்பியின் இடத்தைப் பிடித்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட லிப்டன் 1890இல் கொழும்பில் இறங்கினார். விலை விழுந்து கிடந்த தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்னவும் அவற்றில் ஒன்று.

ஒரு இறாத்தல் தேயிலை 3 ஷில்லிங் அளவில் விற்ற நாட்டில், லிப்டன் அதை 1 ஷில்லிங் 7 பென்ஸுக்குக் கொடுத்தார். தேயிலை அதுவரை பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டு வந்தது. அவர் அதைச் சிறு பொதிகளாக்கி, எடையையும் பெயரையும் அச்சிட்டு விற்றார். தனது தோட்டத்திலிருந்து நேரே வாடிக்கையாளரின் கோப்பைக்கு வருகிறது என்பதே அவரது விளம்பரத்தின் சாரம். உண்மையில் அவர் விற்றதில் பெரும்பகுதி ஏல விற்பனையில் வாங்கியது. சொந்தத் தோட்டங்களின் கொழுந்து அதில் சிறு பங்குதான். ஆனால் அந்த விளம்பரங்கள் வழியாக சிலோன் என்ற சொல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் சமையலறை வரை போனது.

அந்தச் சொல் லிப்டனுக்கு மிகவும் முந்தியது. கிரேக்கர் இத்தீவைத் தப்ரபேன் என்றனர். அரபு வணிகர் செரந்தீப் என்றும் சிலான் என்றும் அழைத்தனர். சிஹள என்ற சொல்லின் திரிபே சிலான் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 1505இல் வந்த போர்த்துக்கேயர் வாயில் அது சைலாவ் ஆனது, ஒல்லாந்தர் வாயில் சைலான் ஆனது. 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் சிலோன் என்றனர். 1815இல் கண்டியும் அவர்கள் கைக்கு வந்தது. 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கிய பிறகு முழுத் தீவும் அந்த ஒற்றைப் பெயரின் கீழ் ஆளப்பட்டது. தமிழில் அது இலங்கையாகவும் ஈழமாகவும் தொடர்ந்தது.

லிப்டனுக்கு 1898இல் சேர் பட்டம் கிடைத்தது. அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை இறங்கி, ஐந்து முறையும் தோற்றார். அந்தத் தோல்விகளே அவரை அமெரிக்காவில் பிரபலமாக்கின. திருமணம் செய்யாமலே 1931 ஒக்டோபர் 2ஆம் திகதி லண்டனில் இறந்தார். சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகரத்துக்கு எழுதிவைத்தார். அந்தச் செல்வத்தில் ஒரு பங்கு ஊவாவின் மலைகளில் விளைந்தது. அங்கே கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் லயன் அறைகளிலேயே இருந்தார்கள்.

சிலோன் என்ற பெயரோடுதான் 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், அந்தப் பெயரை உலகுக்குக் கொண்டுபோன தேயிலையைப் பறித்த ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. இங்கே இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டவர்கள், நீலகிரியில் போய் இறங்கியதும் சிலோன்காரர் ஆனார்கள். 1972இல் நாடு ஸ்ரீ லங்கா ஆனது. தேயிலைப் பெட்டியில் மட்டும் சிலோன் தங்கிவிட்டது, சந்தையில் அதற்கு விலை இருந்ததால்.

1977 கலவரத்துக்குப் பின் மலையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடிய குடும்பங்கள் பல. 2009 வரை நீண்ட போரில் அவர்களும் செத்தார்கள், முகாம்களில் அடைபட்டார்கள். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி குறைந்தது 27 தமிழ்க் கைதிகள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். வடக்கின் துயரமும் மலையின் துயரமும் வேறுவேறு என்று சொல்வது எளிது. இந்த வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

தீவுக்கு வெளியார் வைத்த பெயரை ஒரு வியாபாரி காசாக்கினார். தோட்ட மக்களுக்கும் பெயர் வைத்தவர்கள் எப்போதும் வேறு யாரோதான்: கூலி, இந்தியத் தமிழர், நாடற்றவர். 2023இல், வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் மலையக மக்கள் என்ற பெயரில் நடந்தார்கள். அந்தப் பெயரை அவர்களே தங்களுக்குத் தேர்ந்துகொண்டார்கள். அதற்குரிய காணியும் வீடும் இன்னும் பெரும்பாலானோர் கைக்கு வந்து சேரவில்லை.